சென்னைப் புறநகரில் வீடு வாங்க: எந்தப் பக்கம் போவது?

வாடகை வீட்டில் ஏழெட்டு வருடம் ஓட்டிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் சொந்த வீடு தேடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கையிருப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். நகருக்குள் வாங்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. தாம்பரம் தாண்டியா, ஆவடி பக்கமா, மேடவாக்கமா, பூந்தமல்லியா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலோர் முதலில் வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டு, பிறகு ஊருக்குச் சமாதானம் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஊரை முடிவு செய்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஊரைப் பார்க்கப் போவதும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெயிலடிக்கும் பிப்ரவரியில் என்று இருக்கக் கூடாது. டிசம்பர் மழையில், மே மாதத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஊர் எப்படி இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் பணம்

எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்பதைவிட, கையிலிருந்து ரொக்கமாக எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள். 55 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 44 லட்சம், உங்கள் பங்கு 11 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் கிட்டத்தட்ட 5 லட்சம். இதையும் வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம், வங்கியின் பிராசஸிங் கட்டணம், பெயின்ட், கப்போர்டு, வீடு மாற்றும் வண்டி எல்லாம் போட்டால் 17, 18 லட்சம் ரொக்கமாக வேண்டும்.

கையில் இருக்கும் ரொக்கத்தைப்போல மூன்று மடங்கு, அதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய வீட்டின் விலை. தோராயக் கணக்குதான், ஆனால் தரையில் கால் ஊன்ற வைக்கும். நகையை அடகு வைத்தும் தனிநபர் கடன் வாங்கியும் அந்த 17 லட்சத்தைப் புரட்டுகிறவர்கள் முதல் இரண்டு வருடம் மூச்சுத் திணறுவார்கள்.

44 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 38,000 ரூபாய் சொச்சம். இதோடு பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், போக்குவரத்துச் செலவு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். தூரத்து ஊரில் 5 லட்சம் குறைவாக வாங்கிவிட்டு, இரண்டு பேரும் இரண்டு வண்டியில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினால், மிச்சம் பிடித்த தவணை பெட்ரோல் பங்க்குக்குப் போய்விடும்.

புது ஃபிளாட்டாக, பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கினால் பத்திரச் செலவு குறைவு. 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். ஆனால் கட்டி முடிப்பதற்கு முன்னால் வாங்கினால் ஜிஎஸ்டி உண்டு. பொதுவாக 5 சதவீதம், சென்னையில் 45 லட்சத்துக்குள் விலையும் 60 சதுர மீட்டருக்குள் உள்பரப்பும் இருந்தால் 1 சதவீதம். கட்டி முடித்துப் பணிநிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

வேலை எங்கே, ரயில் எங்கே

புறநகரைத் தேர்வு செய்வது என்றால் ஒரு ரயில் பாதையையோ ஒரு சாலையையோ தேர்வு செய்வது என்றுதான் அர்த்தம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால் யாருக்குப் பயணம் கடினமோ அவருடைய அலுவலகத்தை வைத்துத் தொடங்குங்கள்.

கிண்டி, தி.நகர், எழும்பூர், பாரிமுனை என்றால் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு பாதைதான் பாதுகாப்பான தேர்வு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரை மின்சார ரயில் அடிக்கடி வரும். தாம்பரத்தைத் தாண்டினால் எண்ணிக்கை குறைந்துவிடும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று தெற்கே போகப் போக விலையும் இறங்கும், ரயிலும் குறையும். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று கால அட்டவணையில் காலை ஏழரை முதல் ஒன்பது வரையும், இரவு எட்டுக்கு மேலும் பாருங்கள். பிறகு நேரில் போய் நில்லுங்கள்.

அம்பத்தூர், அண்ணா நகர், சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர். தெற்குப் பாதையில் இருக்கும் மோகம் இந்தப் பக்கம் இல்லாததால் அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய வீடு கிடைக்கும். 2024-ல் பட்டாபிராமில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்த பிறகு இந்த நிலை எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு விஷயம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்குப் பூந்தமல்லி, குன்றத்தூர், படப்பை. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. அலுவலகங்களுக்கு ரயில் உதவாது. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், கேளம்பாக்கம் என்று சாலையோரமாகவே தேட வேண்டும். சிறுசேரியில் வேலை என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கண்டிகை, மாம்பாக்கம் பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டிப் பாதையில் மீஞ்சூர், பொன்னேரி விலை குறைவு. ஆனால் இடையில் மணலி, எண்ணூர் தொழிற்சாலைப் பகுதி இருக்கிறது. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் எண்ணூரில் எண்ணெய்க் கசிவும் அமோனியா வாயுக் கசிவும் நடந்தன. சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் இதை மனதில் வையுங்கள்.

‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்’ என்று விளம்பரம் சொல்லும். யாருடைய ஐந்து நிமிடம், எந்த வண்டியில் என்று சொல்லாது. நடந்து பாருங்கள். நடுவில் ரயில்வே கேட் இருக்கிறதா? ஜிஎஸ்டி சாலையை (தாம்பரம் வழியே தெற்கே போகும் நெடுஞ்சாலை) கடக்க வேண்டுமா? ஷேர் ஆட்டோ இரவு எத்தனை மணி வரை ஓடுகிறது? ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனில் இறங்கும் ஒரு பெண், வீடு வரை தனியாக எந்தத் தெருவில் நடக்க வேண்டியிருக்கும்? தெருவிளக்கு எரிகிறதா? இதை ஒரு நாள் இரவில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வரப்போகும் மெட்ரோவுக்கு விலை கொடுக்காதீர்கள். தூண் நிற்கிற இடம் வேறு, அறிவிப்பு மட்டும் வந்திருக்கிற இடம் வேறு. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சிறுசேரி பாதைகளில் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ, பரந்தூரில் விமான நிலையம் என்று சொல்லி மனை விற்பவர்களிடம், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு நகருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டதும் ஊரப்பாக்கம், வண்டலூர் விளம்பரங்கள் எல்லாம் அதை வைத்தே பாடின. தென்மாவட்டத்தில் சொந்த ஊர் உள்ளவர்களுக்கு அது பெரிய வசதிதான். தினமும் கிண்டிக்குப் போகிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழையில் என்ன ஆகிறது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சென்னையின் தெற்கு, மேற்குப் புறநகர் முழுக்க ஏரிகளும் அவற்றின் உபரிநீர்க் கால்வாய்களும் வலைபோல ஓடும் நிலம். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரி, அது நிரம்பினால் ஆறு அல்லது சதுப்பு நிலம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் மூழ்கியதை எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் முடிச்சூர் பகுதிக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் போன்ற மேல்பகுதி ஏரிகளிலிருந்து அடையாற்றில் இறங்கிய வெள்ளம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். அதனால், ‘செம்பரம்பாக்கத்தைத் திறந்தால்தானே வெள்ளம்’ என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் தெருவுக்கு மேலே எந்த ஏரி, அது நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று கேளுங்கள்.

தென்கிழக்கில் கதை வேறு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று வரிசையாக உள்ள ஏரிகளின் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். வாசல் குறுகல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி நிலையை எல்லோரும் பார்த்தோம். 2024-ல் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அந்த மக்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புதுக் கட்டுமான அனுமதி தருவதற்கு 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. அந்தப் பக்கம் வாங்குவதாக இருந்தால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரு பகுதி மூழ்கும் என்றால் அங்கே எல்லாத் தெருவும் மூழ்கும் என்று அர்த்தமில்லை. முடிச்சூர் சாலையிலேயே மேடான தெருக்கள் உண்டு. தெருவைத்தான் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது?

பழைய வீடுகளின் வாசலைப் பாருங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் படி ஏறுகிறதா, இறங்குகிறதா? ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பத்து வருட வீடுகள்கூடத் தெருவைவிடத் தாழ்ந்துபோயிருக்கும். காம்பவுண்ட் சுவரில் முழங்கால் உயரத்தில் மங்கலான கோடு ஒன்று ஓடினால் அது தண்ணீர் நின்ற கோடு. அதை மறைக்கப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். மோட்டாரைத் திட்டு கட்டி மேலே வைத்திருக்கிறார்களா? கரன்ட் மீட்டர் பெட்டி எல்லா வீட்டிலும் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறதா? கேட்டுக்கு அடியில் சிமென்ட் தடுப்பு கட்டியிருக்கிறார்களா? யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை, தெருவே சொல்லிவிடும்.

வாய்திறந்து சொல்பவர்களும் உண்டு. வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், விற்கிறவர் சொல்ல மாட்டார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மளிகைக் கடைக்காரர் இந்த மூவரிடம் பேசுங்கள். ‘தண்ணி வருமாண்ணே?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் வராதுங்க’ என்பார்கள். ‘மிக்ஜாம் அப்போ எத்தனை நாள் கரன்ட் இல்ல? பால் பாக்கெட் எப்படி வந்துச்சு?’ என்று கேளுங்கள். படகில் வந்ததா, நடந்துபோய் வாங்கினார்களா என்பதிலேயே பதில் இருக்கும்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பார்க்கும் வசதி இலவசம். உங்கள் மனை 2005-ல் எப்படி இருந்தது என்று பாருங்கள். வயலாக இருந்தால் பரவாயில்லை. பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் நின்றிருந்தால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள்.

முடிந்தால் செய்ய வேண்டியது இன்னொன்று. மனதுக்குப் பிடித்த ஊரில் ஆகஸ்டில் வாடகைக்குக் குடியேறி, பொங்கல் வரை இருந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முழுக்க அங்கே கழிந்துவிடும். இரண்டு முறை வீடு மாற்றும் அலைச்சல்தான், ஆனால் இருபது வருடக் கடனோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

குடிக்கவும் குளிக்கவும்

மழையில் மிதக்கும் அதே ஊர் மே மாதத்தில் லாரிக்குக் காத்திருக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது நகரமே தவித்தது, புறநகர் கூடுதலாகத் தவித்தது. போர்வெல் எத்தனை அடி, கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். குழாயில் ஒரு வாய் வாங்கிப் பாருங்கள். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைப் படிவம் அப்பியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அடுக்குமாடி என்றால் சங்கச் செயலாளரிடம் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி. இருபது வீடு உள்ள கட்டடத்தில் இதற்கு மாதா மாதம் ஆகும் செலவு சாதாரணமல்ல. மழைக்காலத்தில் டேங்க் நிரம்பி, லாரியும் வர முடியாமல் போனால் நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

யார் ஆள்கிறார்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது

ஒரே சாலையில் இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது, ஆவடி 2019-ல். ஊராட்சியில் வீட்டு வரி குறைவு. குப்பை, வடிகால், தெருவிளக்குக்கும் அதற்கேற்ற கவனிப்புதான். நல்ல குடியிருப்போர் சங்கம் இருக்கிற இடம் தனிக்கணக்கு. சிட்லபாக்கத்துக்காரர்கள் தங்கள் ஏரிக்காக விடாமல் போராடியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்படி ஆட்கள் உள்ள தெருவில் வாங்குவது பாதி நிம்மதி.

பள்ளியை வீட்டுக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். சேர்க்கை கிடைக்குமா என்று நேரில் கேட்டுவிட்டு வாருங்கள். வேன் ஒரு மணி நேரம் சுற்றினால் ஐந்து வயதுக் குழந்தை தாங்காது. வயதான அப்பா அம்மா கூட இருந்தால் இரவு இரண்டு மணிக்கு எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதற்குப் பதில் வைத்திருங்கள். தெற்கில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் உண்டு.

பழைய ஃபிளாட்டா, புது ஃபிளாட்டா, தனி வீடா

என் கருத்தைக் கேட்டால், குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் உள்ள இருபது வருட ஃபிளாட்டைத்தான், கூடுவாஞ்சேரிக்கு உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய புது ஃபிளாட்டைவிட முதலில் பார்ப்பேன். லிஃப்ட் இருக்காது, கார் நிறுத்த இடம் நெருக்கடிதான். ஆனால் ஊர் ஏற்கெனவே அமைந்துவிட்டது, வெள்ளம் வருமா என்பது ஊரறிந்த விஷயம், வாடகைக்கு விடுவதும் சுலபம். கட்டடம் ரொம்பப் பழசு என்றால் வங்கி கடன் காலத்தைக் குறைக்கும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிளாட்டில் உண்மையில் உங்களுக்குச் சொந்தமாவது யூடிஎஸ் என்று சொல்லும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அதில் ஆறு வீடு கட்டினால் சராசரியாக ஆளுக்கு 400 சதுர அடி. பத்திரத்தில் அதைவிடக் குறைந்திருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு கட்டாயமில்லை. நம் பட்ஜெட்டில் வருகிற புறநகர்க் கட்டடங்களில் நிறைய இந்த வகைதான். ஆகவே ரெரா எண் இல்லாததாலேயே மோசடி என்று ஓடவும் வேண்டாம், சட்டம் காப்பாற்றும் என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். அந்த பில்டர் முன்பு கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

மனை வாங்கிக் கட்டலாம் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைதான். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20-க்கு முன்பு போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறை செய்ய, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த, அரசு வழிவிட்டது. அப்படி வரன்முறை ஆன மனை என்று சொன்னால் ஆணையின் நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

காகிதங்கள்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காகிதம். வில்லங்கச் சான்று (சொத்தின் மீது நடந்த பதிவுகளின் பட்டியல்), குறைந்தது முப்பது வருடத்துக்கு. பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (நிலத்தின் வகை எழுதிய பதிவேடு) மூன்றும் வருவாய்த் துறை இணையச் சேவையில் கிடைக்கும். அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே ஏரி, ஓடை, புறம்போக்கு, மேய்க்கால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கோயில் நிலமா, பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்) என்பதையும் வக்கீல் தனியாக எழுதித் தர வேண்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை கைமாறிய சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. வாரிசுகளில் யாராவது கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் அடிக்கடி வரும் சிக்கல்.

வங்கி வக்கீல் பார்த்துவிட்டார், போதும் என்று விடாதீர்கள். அவர் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு பார்க்கிறார். உங்களுக்குத் தனியாக ஒருவர் வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது மாடி வரைபடத்திலேயே இல்லாத கட்டடங்கள் உண்டு. வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடித்தால் கடன் நின்றுவிடும், உங்கள் அட்வான்ஸ் மாட்டிக்கொள்ளும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை ரொக்கமாகக் கேட்பார்கள். பத்திரச் செலவு மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். குறைத்துக் காட்டிய தொகைக்குத்தான் கடனும் கிடைக்கும் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, சட்டத்துக்கும் புறம்பு.

விலை படிந்ததும் விற்பனை ஒப்பந்தம் போடுங்கள். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும், கடன் கிடைக்க ஆகும் காலத்துக்கும் சேர்த்து மூன்று மாதம் கெடு கேளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் நீங்கள்தான் கட்ட வேண்டும். பதிவு முடிந்த பிறகு கரன்ட் இணைப்பு, வீட்டு வரி, தண்ணீர் வரி மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். தனி வீடு என்றால் பட்டா மாறுதலும் வந்ததா என்று இணையத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள், வராவிட்டால் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நடை.